ஆலைப் பாட்டின் இரண்டாம் சரணம்

பழுகாமம்
14.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி யசோதினி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இங்கே சுகம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். அம்மாவின் போன் இரண்டு மாதத்துக்கு முன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் அள்ளியிருக்கிறா. இனி வேறு வாங்கும்வரை கடிதம்தான். அப்பாவின் போனைக் கேட்க எனக்குப் பயம். நீங்கள் டிப்ளோமா படிப்பை விட்டுவிட்டுக் கிட்டாரோடு கொழும்புக்குப் போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்னால் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுகிறார். மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்தான் குடிக்கும்?

பதிலை வீட்டுக்கு அனுப்பவேண்டாம். தபாற்கந்தோர் சுலோஜனா அக்காவின் பெயருக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எடுத்துக்கொள்வேன். உறை வாங்கி உங்கள் விலாசம் எழுதும்போது, "ஆருக்குப் புள்ள கடிதம், உண்மையச் சொல்லு" என்று கேட்டா. அண்ணனுக்கு என்றேன். "எல்லாரும் முதல்ல அண்ணன் எண்டுதான் சொல்லுவாங்க" என்று சிரித்தா. உறையில் நிலோஜன் என்று வாசித்த பிறகுதான் நம்பினா.

போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உங்கள் 'கரண்ட் கட்' இசைக்குழு எப்படி இருக்கிறது? ஸியாம் அண்ணாவையும் கசுன் அண்ணாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
யசோ

*

பழுகாமம்
20.10.2023

அன்புள்ள அம்மா,

உங்கள் உடம்பு எப்படி? கால் வீக்கம் வற்றிவிட்டதா? நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம்.

நீங்கள் சொன்னபடியே அண்ணாவுக்கு எழுதிவிட்டேன். போன் கிணற்றுக்குள் என்று. நீங்கள் குவைத்தில் வீட்டு வேலையில் இருப்பதை ஒரு எழுத்திலும் காட்டவில்லை. எழுத்தில் பொய் சொல்வது லேசாக இருக்கிறது. போனில் என்றால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும்.

பஸ் ஏறும்போது நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "அவன் அறிஞ்சா பாட்டையெல்லாம் விட்டுப்போட்டு ஓடி வந்திருவான். அவன் வரக்கூடாதெண்டுதான் நான் போறன். சத்தியமாச் சொல்லு, சொல்லமாட்டாய்." சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் மேடம் போனைத் தந்து நீங்கள் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் ஓம், ஓம் என்று மட்டும் சொல்கிறேன். கோபம் என்று நினைக்கவேண்டாம்.

போன போக நெல்லை யானை அழித்துக் கடன் ஏறியதால் இந்த முறை அப்பா இப்போதே வட்டை வயலுக்குள் பரண் கட்டிவிட்டார். அவர் இரவில் காவலுக்குப் போனால் ஆச்சிப்பிள்ளை மாமி துணைக்கு வந்து படுக்கிறா. மாமியின் குறட்டைக்கு யானையும் கிட்ட வராது. எனக்குப் பயமில்லை.

உங்கள் மகள்,
யசோதினி

*

வெள்ளவத்தை
02.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கிணற்றைக் கலக்கி இறைத்தால் போன் கிடைக்கும் என்று அம்மாவிடம் சொல். வேலை செய்யாது, ஆனாலும் கிடைக்கும்.

பெரிய செய்தி. நாங்கள் ஒரு அல்பம் செய்கிறோம். எங்கள் பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. எங்களை இப்படிக் கெடுத்த ஆட்களின் பாட்டுகளை எங்கள் முறையில் திரும்பப் பாடுகிறோம். மொத்தம் எட்டு. ஏழு பாட்டு இங்கிலீஷ். நாம் பிறக்கமுன் நீளமாக முடி வளர்த்து ரொக் பாடினவர்கள். ஏறாவூரில் ஸியாமின் மாமாவிடம் ஒரு பெட்டி நிறைய அவர்களின் கசட் இருந்தது. அதைக் கேட்டுத்தான் ஸியாம் பிஸ்கட் டின்னில் டிரம்ஸ் பழகினான். அவர்கள் ஏழு நிமிடம் இழுத்ததை நாங்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம். அவர்கள் கிட்டாரை அழவைத்த இடத்தில் நாங்கள் கத்துவோம். மரியாதை இல்லாமல் இல்லை. பங்க் ரொக் பாடுகிறவனின் மரியாதை அப்படித்தான் இருக்கும்.

எட்டாவது பாட்டு என்ன தெரியுமா? அம்மாவின் 'சங்கு ஊதுது'. அம்மா, வைக்கோலில் காகிதம் செய்த வாழைச்சேனைக் காகித ஆலையின் குவாட்டர்ஸில் பிறந்து, வேலைச் சங்கைக் கேட்டு வளர்ந்தவ. வேலை முடிந்து கிரீஸ் கையோடு கிட்டார் பிடித்த ஆலைப் பெடியன்கள் ஒரு குழு வைத்திருந்தார்களாம். அவர்களின் பாட்டு எந்தக் கசட்டிலும் இல்லை. அம்மா தேங்காய் துருவும்போது பாடுவது மட்டும்தான் மிச்சம். நான் கிட்டாரைக் கண்ணால் காணமுன் கேட்ட ரொக் அதுதான்.

"சங்கு ஊதுது சங்கு ஊதுது
எழும்படா மச்சான்
வைக்கோல் தின்னுற மெசினுக்கு
வயிறு காயுது"

எனக்கு இவ்வளவுதான் தெரியும். இரண்டாவது சரணத்தை அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்பு. ஒரு சரணத்தோடு பாட்டு நொண்டுகிறது.

எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். அம்மாவின் மடியில் என் பேரில் ஒரு தரம் படுத்துக்கொள்.

அண்ணன்,
நிலோஜன்

*

பழுகாமம்
09.11.2023

அன்புள்ள அம்மா,

நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லாம் வழமைபோல.

அண்ணா 'சங்கு ஊதுது' பாட்டை அல்பத்தில் பாடப்போகிறாராம். இரண்டாவது சரணத்தை உங்களிடம் கேட்கச் சொல்கிறார். நீங்கள் இங்கே வீட்டுக் குசினியில் இருக்கிறீர்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு முன்னால் பாட்டுக் கேட்க எனக்கு ஏலாது. ஏன் எதற்கு என்று வரும். இந்தக் கடிதம் கிடைத்த உடனே எழுதி அனுப்புங்கள்.

ஆச்சிப்பிள்ளை மாமி சுகம். எனக்குப் பயமில்லை.

மகள்,
யசோதினி

*

வெள்ளவத்தை
04.12.2023

அன்பு யசோ,

சுகம்தானே? சரணம் எங்கே? டிசம்பர் முடிவில் ஸ்டூடியோ எடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது என்றாவது எழுது. மற்ற ஏழும் முடிந்துவிட்டன.

அவசரத்தில்,
அண்ணன்

*

11.12.2023

அண்ணா,

இதை உறையில் போடமாட்டேன். ஆனாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

வெளியே வந்திருக்கிறது. நாய் குரைத்துக்கொண்டு நின்றது, திடீரென்று நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வாழை முறிகிற சத்தம். இப்போது மூச்சு மட்டும் கேட்கிறது. ஆரோ பெரிய பாயை மெதுவாக இழுக்கிறமாதிரி.

ஆச்சிப்பிள்ளை மாமி இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்து அவ களுவாஞ்சிகுடிக்குப் போய்விட்டா. போகும்போது "கொப்பரிட்டச் சொல்லிப்போடு புள்ள" என்றா. நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பா காவலை விட்டுவிட்டு வீட்டில் படுப்பார். வட்டை போய்விடும். இந்தப் போகமும் போனால் அம்மா இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நிற்கவேண்டும். அதனால் காலையில் அப்பா வரும்போது மாமி இப்போதுதான் எழும்பிப் போனா என்று சொல்கிறேன். அம்மாவிடம் மாமி இருக்கிறா என்கிறேன். உங்களிடம் அம்மா இருக்கிறா என்கிறேன். இந்த வீட்டில் நான் சொல்லுகிற ஆட்களெல்லாம் இருந்தால் இடமே காணாது.

அடுக்களை உரலை உருட்டிக் கதவுக்கு வைத்திருக்கிறேன். முதுகை உரலில் சாய்த்துக்கொண்டு இருக்கிறேன். நான் நடுங்க உரலும் நடுங்குகிறமாதிரி இருக்கிறது. தூரத்தில் அப்பா வெடி போடுகிறார். அது வட்டைக்குள் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு போடுகிறார்.

வாங்க அண்ணா. வாங்க.

*

பழுகாமம்
15.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் உங்கள் நண்பர்களும் நலம்தானே? நாங்கள் மூன்று பேரும் சுகம். பிந்தியதற்கு மன்னியுங்கள். பரீட்சைப் படிப்பு அதிகம்.

அம்மா கனநேரம் யோசித்துத்தான் சொன்னா. இரண்டாவது சரணம் இதுதானாம்:

"வட்டை ஓரம் கறுப்பா ஒண்டு
மூச்சு விடுகுது
கதவுக்கு உரலை வைச்சன்
உரலும் நடுங்குது"

அம்மா உங்களைச் சுகம் கேட்கிறா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறா.

தங்கை,
யசோ

*

வெள்ளவத்தை
21.01.2024

அன்பு யசோ,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீ சுகமா என்று கேட்டால் ஓம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

அந்தச் சரணத்தைப் பாடிவிட்டேன். முதல் சரணத்தைக் கத்தினேன். இரண்டாவதுக்கு வந்ததும் கத்த வரவில்லை. குரல் தானாக இறங்கிவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டேன். அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். காகித ஆலைக்குள் வட்டை எங்கே வந்தது? ஆலைக் குவாட்டர்ஸில் இருந்தவனுக்குக் கதவில் வைக்க உரல் எங்கே? அதையும் விடு. நம் வீட்டில் எந்தக் காலத்தில் கதவுக்கு உரல் வைத்தோம்? அம்மா வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பா. யானை வந்தாலும் கள்ளன் வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பா. அம்மா இருக்கிற வீட்டுக்கு உரல் தேவையில்லை.

அம்மா எங்கே, யசோ?

நீ பொய் எழுதினாய் என்று கோபிக்க எனக்கு வாய் இல்லை. ஸியாம் ஓகஸ்ட்டில் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு முன்னமே கசுன் ருமேனியாவுக்கு. உனக்கு 'நாங்கள் சுகம்' என்று எழுதின அறையில் ஒரு பாயும் ஒரு கோப்பையும்தான் இருந்தன. பகலில் ஒரு கடையில் போட்டோக்கொப்பி அடிக்கிறேன். இரவில் அல்பம். டிரம்ஸ் கொம்பியூட்டர் அடிக்கிறது. பிழையே விடாது, அதுதான் கஷ்டம். ஸியாம் அடித்தால் மூன்றாவது அடி எப்போதும் கொஞ்சம் முந்தி விழும். புதிதாக எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆட்கள் இல்லாமல் குழுவுக்குப் பாட்டு வராது. அதனால்தான் பழைய ஆட்களின் பாட்டு. அவர்களாவது அறையில் இருக்கட்டும் என்று.

நான் வருகிறேன்.

நிலோஜன்

*

பழுகாமம்
27.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைத் தபாற்கந்தோர் வாசலிலேயே வாசித்தேன். சுலோஜனா அக்கா தண்ணீர் தந்தா.

அம்மா குவைத்தில். ஓகஸ்ட்டில் போனா. ஸியாம் அண்ணா போன அதே மாதம். உங்களுக்குச் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினா. சரணம் நான் எழுதியது. அம்மாவின் பதில் வரவில்லை, நீங்கள் அவசரப்படுத்தினீர்கள், என் தலையில் அன்று வேறு ஒன்றும் இருக்கவில்லை. பிழை என்றால் எடுத்துவிடுங்கள்.

வாங்க என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இரண்டு இரவாக அதை எழுதப் பார்க்கிறேன். நீங்கள் பாட்டை விட்டுவிட்டு வந்தால் அம்மா போனதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். நெல் வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். வெட்டு முடிந்தால் அப்பா இரவில் வீட்டில் படுப்பார். அதுவரைக்கும் எனக்கு ஏலும். வரவேண்டாம் அண்ணா. அல்பத்தை முடியுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் இரவில் ஆரோடு சாப்பிடுகிறீர்கள்?

யசோ

*

குவைத்
30.12.2023

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். கால் வீக்கம் இல்லை. வீட்டுக்காரர் நல்ல மாதிரி. நீ ஒன்றுக்கும் யோசிக்காதே, படி.

உன் கடிதம் பிந்தித்தான் கைக்கு வந்தது. வாசித்துச் சிரித்தேன். அந்தப் பாட்டுக்கு இரண்டாவது சரணம் இல்லை மகள். ஆலைக் கழகத்தில் பெடியன்கள் முதல் சரணத்தைப் பாடிவிட்டுக் கிட்டாரை அடித்துக்கொண்டே நிற்பார்கள். கூட்டத்தில் ஆருக்கு மனம் கனக்குதோ அவன் வாங்குப் பலகையில் ஏறித் தன் கஷ்டத்தை நாலு வரியில் சொல்லுவான். லீவு கிடைக்காதவன், மெசினில் விரல் போனவன், பெண் கேட்டுக் கிடைக்காதவன். சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "சங்கு ஊதுது" என்பார்கள். மறுகா அடுத்தவன் ஏறுவான். ஒரு நாள் சொன்னதை மற்ற நாள் ஆரும் பாடமாட்டார்கள். நான் சின்னப்பிள்ளை. என்னை ஏற விடவில்லை.

நேற்றுச் சட்டி கழுவும்போது எனக்கும் ஒன்று வந்தது. இஞ்ச சத்தமாகப் பாட ஏலாது, வாய்க்குள்தான்.

"மூணாம் மாடி, ஜன்னல் பூட்டு
வெளிய மணல்
ஆரோ பெத்த பிள்ளைக்கு நித்திரை
என்ட தோளில"

இதை அண்ணனுக்கு அனுப்பாதே. நான் எங்கே என்று கண்டுபிடித்துவிடுவான். சரணம் மறந்துபோச்சு என்று சொல்லிவிடு.

அம்மா

*

பழுகாமம்
03.03.2024

அன்புள்ள அம்மா,

நீங்கள் டிசம்பரில் எழுதியது போன கிழமைதான் வந்து சேர்ந்தது. அதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அண்ணாவுக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே பிடித்துவிட்டார். பிறகுதான் ஓம் என்றேன். வரவேண்டாம் என்று எழுதினேன். வந்துவிட்டார். வெட்டுக்கு முதல் நாள் பின்னேரம் வாசல் படலையில் நின்றார், மெலிந்துபோய். அப்பா பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "நாளைக்கு வெட்டு மெசின் வருது, ஆள் காணாதெண்டு கொண்ணனிட்டச் சொல்லு." அண்ணா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார். "கேட்டது எண்டு அப்பாட்டச் சொல்லு" என்றார். ஒரு கிழமையாக இப்படித்தான். "மூட்டையைக் குறுக்கால அடுக்கச் சொல்லு." "தெரியும் எண்டு சொல்லு." "தெரிஞ்சா ஏன் நெடுக்கால அடுக்குறான் எண்டு கேளு." எனக்கு அங்கும் இங்கும் கழுத்து வலித்தது. கடைசி நாள் அண்ணா பஸ்ஸுக்குப் போகும்போது அப்பா என்னிடம், "மத்தப் பெடியன்கள் ரெண்டு பேரும் எங்க எண்டு கேளு" என்றார். அண்ணா நேரே அவரைப் பார்த்து, "போயிட்டாங்க அப்பா" என்றார். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகவில்லை. அண்ணா கண்ணுக்கு மறையும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

அல்பம் வெளியே வந்துவிட்டது. அண்ணா போகமுன் தன் போனில் போட்டுக் காட்டினார். ஏழு பாட்டிலும் காது அடைக்கிறது. எட்டாவதில் முதல் சரணம் முடிந்ததும் சத்தமெல்லாம் விழுந்துபோய் அண்ணாவின் குரல் மட்டும் தனியாக வருகிறது. அது நான் எழுதிய சரணம். உங்களுடையது அதில் இல்லை. கடிதம் பிந்திவிட்டது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். மன்னியுங்கள்.

நேற்று அப்பா மில்லுக்கு நெல் கொண்டுபோன நேரம், வீட்டுக்குள் வாங்கில் ஏறி நின்று உங்கள் சரணத்தைச் சத்தமாகப் பாடினேன். பாடி முடித்து நின்றேன். "சங்கு ஊதுது" சொல்ல ஒருவரும் இல்லை. நானே சொல்லவும் மனம் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

அம்மா, நான் உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் பயமில்லை என்று எழுதினேன். மாமி நவம்பரிலேயே போய்விட்டா. நான் தனியாகத்தான் படுத்தேன். யானை வந்தது. சரியான பயம். வெட்டு முடிந்து அப்பா இப்போது வீட்டில்தான் படுக்கிறார், ஆனாலும் இரவில் முழித்துக்கொள்கிறேன்.

இதை உங்களைத் திரும்பி வரச்சொல்லி எழுதவில்லை. ஏலாது என்று எனக்குத் தெரியும். நீங்களும் இனிமேல் நல்ல சுகம் என்று எழுதவேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் எந்த இடத்தில் படுக்கிறீர்கள்? அதற்குக் கதவு இருக்கிறதா? அதை உள்ளே இருந்து பூட்டலாமா? எத்தனை மணிக்குப் படுக்க விடுகிறார்கள்? கால் மெய்யாகவே வற்றிவிட்டதா?

வாசிக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கும். எழுதுங்கள்.

உங்கள் மகள்,
யசோதினி